லிப்டன் சீட்டுக்குக் குடும்பத்தோடு நடந்து போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் அப்புத்தளை நகரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் தம்பேதென்ன தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இருக்கிறது. அங்கிருந்து தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் தோட்டத்துப் பாதை, சுமார் 7 கி.மீ. போய் லிப்டன் சீட் என்ற உச்சியில் முடிகிறது. மலையகக் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்வர நினைக்கும் இடம் இது. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, தமிழ்நாடு என்று வெளியிலிருந்து வருபவர்களும் கேட்டு விசாரிக்கிறார்கள். குழந்தையும் பாட்டியும் சேர்ந்து வரும் குடும்பங்களை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். தனியாக ஓடி ஏறும் இளைஞர்களுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படாது.

கடற்கரை முனையில் நடப்பதுதான் எங்களுக்குப் பிடிக்கும். இந்த மலையில் அப்படி என்ன இருக்கிறது?

கடலுக்குள் நீண்டு நிற்கும் முனையில் நின்றால் மூன்று பக்கமும் வெளி திறந்திருக்கும் அல்லவா, இந்த உச்சியும் அப்படித்தான் நிற்கிறது. மத்திய மலைநாட்டின் தெற்கு ஓரம் இது. சரியாக இந்த இடத்தில் மலை முடிந்து, நிலம் செங்குத்தாகக் கீழே இறங்கி, வறண்ட சமவெளியாகப் பரவுகிறது. அப்புத்தளை ஊரே ஒரு மலை முதுகின் மேல் உட்கார்ந்திருப்பதால், கடைவீதியில் நின்றாலே ஒரு பக்கம் ஊவாவின் மலைகளும் மறுபக்கம் தெற்குச் சமவெளியும் தெரியும்.

லிப்டன் சீட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,970 மீட்டர் உயரம். வானம் தெளிந்த காலையில் உடவளவை நீர்த்தேக்கம் தகடுபோல மின்னும். அதற்கும் அப்பால் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலோரம் ஒரு கோடாகத் தெரியும் நாட்களும் உண்டு. ஊவா, சப்ரகமுவ, தெற்கு, மத்திய, கிழக்கு மாகாணங்களின் நிலம் இங்கிருந்து தெரிவதாகச் சொல்வார்கள். எது எந்த மாகாணம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு இலங்கை வரைபடத்தைக் கையில் கொடுத்து, நாம் எங்கே நிற்கிறோம், கடல் எந்தப் பக்கம் என்று கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டோரிலிருந்து மேலே ஏற, நடந்து பழகிய பெரியவர்களுக்கு இரண்டு முதல் இரண்டரை மணிநேரம். பிள்ளைகளோடு மூன்று மணிநேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இறங்க ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். பாதை ஒடுங்கியது, வளைவுகள் அதிகம், ஆனால் வாகனம் போகும் பாதைதான். கயிறு பிடித்து ஏறும் இடமோ பாறையில் தவழும் இடமோ கிடையாது.

தோட்டத்து ஆட்கள் பயன்படுத்தும் குறுக்குப் பாதைகளும் படிகளும் இடையிடையே வரும். அவற்றில் போனால் தூரம் குறையும், மூச்சு அதிகம் வாங்கும். ஏறும்போது ஒன்றிரண்டில் போய்ப் பார்க்கலாம். இறங்கும்போது மழை ஈரம் இருந்தால் வேண்டாம், கல் வழுக்கும்.

எங்கள் கூட்டத்தில் 4 வயதுப் பிள்ளையும் 70 வயது அப்பாயியும் இருக்கிறார்கள். முடியுமா?

முடியும். ஆனால் திட்டத்தை அந்த இரண்டு பேரிலிருந்து தொடங்குங்கள். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று முதலில் முடிவெடுத்து, அதற்குப் பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நடுவழியில் பிள்ளை அழும், தூக்குகிறவருக்கு இடுப்பு பிடிக்கும், பாட்டி யாருக்கும் சொல்லாமல் மூச்சு வாங்கியபடியே வருவார்.

நான் எல்லோருக்கும் சொல்கிற ஒழுங்கு இதுதான்: அதிகாலையில் ஆட்டோவில் மேலே போங்கள், காட்சியைப் பாருங்கள், அப்புறம் நடந்து இறங்குங்கள். அப்புத்தளையிலேயே ஆட்டோ பேசலாம். தம்பேதென்ன ஸ்டோர் பக்கத்திலும் ஆட்டோக்கள் நிற்கும். மேலே போக மட்டுமா, காத்திருந்து திரும்பவுமா என்று ஏறும் முன்பே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். இப்படிப் போனால் பனி மூடும் முன் உச்சியில் இருப்பீர்கள். பிள்ளைகளுக்கும் இறக்கம் என்றால் தனி உற்சாகம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலை வதைக்கும். அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு ஆட்டோவை நிறுத்தி வைத்து, மேல் பகுதியில் ஒரு கிலோமீட்டர் மட்டும் அவர்களோடு மெதுவாக நடந்துவிட்டு, அவர்களைத் துணையோடு ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள். மற்றவர்கள் நடந்து வந்து ஸ்டோரடியில் சேர்ந்துகொள்ளலாம். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். முதலில் இறங்கிப் போகும் ஆட்டோவில் அது போய்விடக் கூடாது.

4 வயதுப் பிள்ளை இறக்கத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடக்கும், அதற்குப் பிறகு தோளில்தான். முதுகில் கட்டித் தூக்கும் பை இருந்தால் கொண்டுவாருங்கள். தள்ளுவண்டி இந்தப் பாதைக்குச் சரிவராது.

எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

இருட்டு பிரிந்தவுடன். இலங்கையில் ஆண்டு முழுவதும் சூரியன் கிட்டத்தட்ட காலை 5.45க்கும் 6.25க்கும் இடையில்தான் உதிக்கிறது. ஆறு மணியிலிருந்து எட்டரை வரை காட்சிக்கு நம்பிக்கையான நேரம். ஒன்பது, பத்து மணிக்குள் பல நாட்களில் பனி மூடிவிடும்.

காரணம் எளிது. வெயில் ஏற ஏறக் கீழே சமவெளியின் காற்று சூடாகி, ஈரத்தோடு மலைச்சரிவைப் பிடித்து மேலே வரும். உயரத்தில் குளிர்ந்து முகிலாக மாறும். லிப்டன் சீட் அந்தச் சரிவின் உச்சியிலேயே இருப்பதால், அந்த முகில் நேராக நம் முகத்தில்தான் வந்து முட்டும். காலை எட்டு மணிக்கு உடவளவை வரை தெரிந்த இடத்தில், பத்து மணிக்குப் பக்கத்தில் நிற்பவரின் முகம்கூடக் கலங்கலாகத் தெரியலாம்.

எனவே ஸ்டோரிலிருந்து நடந்து ஏறியே தீருவோம் என்று நினைப்பவர்கள் காட்சியை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டியதுதான். இருட்டில் நடக்கத் தொடங்குவதைக் குடும்பங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. குளிர் இருக்கும், காலைகள் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊவாப் பக்கம் மழை குறைவு. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வறண்ட கச்சான் காற்றுக் காலம்தான். ஆனால் அதே காற்று இந்த உச்சியில் பலமாக அடிக்கும், சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்தே நிறுத்த வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவும். ஏப்ரலில் பிற்பகல் இடி மின்னல். பாடசாலை விடுமுறையில் ஏப்ரலில்தான் வர முடியும் என்றால் வாருங்கள், ஆனால் மதியத்துக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

மண்சரிவு பயமாக இருக்கிறது. போகலாமா, கூடாதா என்று எப்படி முடிவெடுப்பது?

பயம் நியாயமானது. இதே மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் எங்கும் மண்சரிவுகளைக் கொண்டுவந்தது. இந்த மலைகளில் வாழும் எங்களுக்கு மழை என்பது வெறும் காலநிலைச் செய்தி அல்ல.

முடிவெடுக்க வழி இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 24 மணிநேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு என்பது அதன் அடிப்படை. அப்புத்தளைப் பிரிவுக்கோ, நீங்கள் கடந்து வரப்போகும் பிரிவுகளுக்கோ மஞ்சள் இருந்தாலே குடும்பப் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். மலை எங்கும் போய்விடாது. மழை நின்ற மறுநாளும் நம்பவேண்டாம். நீர் ஊறிய மண் வெயில் அடிக்கும்போதும் சரியும். வழியில் புதிதாக வெடித்த நிலம், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் இவற்றில் எதைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள்.

அப்புத்தளைக்கு எப்படி வருவது?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாக பஸ் வரும். அட்டன் பக்கமிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாக வரலாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு பதுளை, பண்டாரவளை வழி.

ரயில் என்றால் கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை போகும் பாதை, பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே என்ற ரயில்கள் ஓடும் பாதை. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலயைத் தாண்டி, இதல்கஸ்ஹின்ன வழியாக அப்புத்தளைக்குள் நுழையும் அந்தப் பகுதிக்காகவே ரயிலில் வரலாம். ஆனால் 2025 புயலில் இந்தப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எனவே ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் ரயில் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

தூரத்திலிருந்து வருபவர்கள் முந்தின இரவு அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தங்கியே ஆகவேண்டும். அதிகாலைக் காட்சிக்கு வேறு வழியில்லை. தம்பேதென்னவுக்குப் போகும் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று இரவே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாடசாலை நாட்களில் அந்த பஸ்ஸில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கமாக ஏறுவார்கள். அது அவர்களுடைய பஸ். பெரிய பைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு இடம் விடுங்கள்.

என்ன உடுத்த வேண்டும்?

விடியற்காலையில் பற்கள் தாளம் போடும் குளிர், பத்து மணிக்குத் தோலைச் சுடும் வெயில். ஒரே தடித்த சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று மெல்லிய சட்டைகள் நல்லது, சூடு ஏற ஏறக் கழற்றலாம். குழந்தைகளுக்குக் காதை மூடும் தொப்பி கட்டாயம், காற்று காதில்தான் முதலில் பிடிக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். குடை அந்தக் காற்றில் நிற்காது, ரெயின்கோட் கொண்டுவாருங்கள். ஈரமானால் மாற்ற ஆளுக்கொரு சோடி காலுறை.

சாப்பாடு?

ரொட்டியும் கட்டச் சம்பலும். வேறு எதுவும் இந்தக் குளிருக்கு இவ்வளவு பொருந்தாது. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய கோதுமை ரொட்டி ஆறினாலும் கெடாது, கையில் ஒட்டாது, பசியையும் நீண்ட நேரம் தாங்கும். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. அதோடு அவித்த கடலை, வாழைப்பழம், பிளாஸ்க் நிறைய இஞ்சி போட்ட பிளேன்டீ. சின்னவர்களுக்கு உறைப்பில்லாத ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும்.

உச்சியில் ஒரு சிறு தேநீர்க் கடை இருக்கிறது. சூடாக ஏதாவது கிடைக்கும். அங்கே வாங்கிக் குடியுங்கள், ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு அதை மட்டும் நம்பி வரவேண்டாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீட்டர். ஓடைத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது, மேலே தேயிலை மலைகளுக்கு அடிக்கும் உரமும் மருந்தும் அதில்தான் இறங்கும்.

உறை, போத்தல், பிள்ளையின் டயபர் எல்லாம் நீங்கள் கொண்டுவந்த பையிலேயே ஊருக்குத் திரும்ப வேண்டும். பாதையோரக் கானில் போட்டால், அடுத்த மழையில் அது அடைத்துத் தண்ணீர் யாரோ ஒருவருடைய லயத்து வாசலுக்குத்தான் போகும்.

அட்டை, குளவி, சிறுத்தை எல்லாம் இருக்குமா?

அட்டை மழைக்குப் பிறகு புல்லோரத்தில் இருக்கும். பாதையின் நடுவில் நடந்தால் குறைவு. காலுறைக்கு மேல் சவுக்காரம் தடவினால் ஏறாது. ஏறிவிட்டால் பிடுங்க வேண்டாம், உப்போ தேசிக்காய்ச் சாறோ பட்டால் தானாகக் கழன்று விழும். பிள்ளை இரத்தத்தைப் பார்த்துக் கத்தும், நீங்களும் சேர்ந்து கத்தாமல் இருந்தால் போதும்.

குளவி வேறு விஷயம். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் இல்லை, உயிர்ப்பலியும் நடந்திருக்கிறது. பாறை இடுக்குகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு இருக்கும். பையன்கள் கல்லெறிய விடாதீர்கள். கடும் வாசனைத் திரவியம் பூசி வரவேண்டாம். சத்தமாகப் பாட்டுப் போட வேண்டாம். குளவி கலைந்துவிட்டால், நின்று கையை வீசாமல் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேகமாக அந்த இடத்தை விட்டு விலகுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான். இங்கே வேலை செய்பவர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொன்னால், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் கேளுங்கள்.

சிறுத்தை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கிறது. ஆனால் பகலில், பேசிக்கொண்டு வரும் கூட்டத்தின் முன்னால் வருவது அரிது. விடியும் முன்னும் இருட்டிய பின்னும் நடக்காமல் இருப்பதும், பிள்ளைகளைத் தனியே முன்னால் ஓட விடாமல் இருப்பதும் போதும்.

தோட்டத்துக்குள் நடக்க அனுமதி வேண்டுமா? கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

பாதையில் நடக்கத் தனி அனுமதி வேண்டாம். உச்சிக்குக் கிட்டே சிறிய நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், சில்லறையாகக் காசு வைத்திருங்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் நடக்கும் பாதையின் இருபக்கமும் யாரோ வேலை செய்யும் இடம், யாரோ குடியிருக்கும் இடம். காலையில் பிரட்டு (வேலை பிரிக்கும் ஆள் கணக்கு) முடிந்து, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் அக்காவுக்கு அன்றைய கொழுந்தின் நிறை முக்கியம். நிறை குறைந்தால் சம்பளம் குறையும். அவரை நிறுத்தி, கூடையைத் திருப்பச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிற பத்து நிமிடம் அவருடைய கையிலிருந்துதான் போகிறது. வணக்கம் சொல்லுங்கள், தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள், அவருக்கு நேரமிருந்து விருப்பமும் இருந்தால் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். படம் எடுத்த பிறகு காசு கேட்டால் கோபப்படவும் வேண்டாம், அது அவருடைய நேரம்.

லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்கு டொபி வீசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் பிள்ளைக்கு யாராவது அப்படி வீசினால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களா? கொடுக்க ஆசையிருந்தால் பாதையோரக் கடையில் ஏதாவது வாங்குங்கள், வடை சாப்பிடுங்கள், அந்தக் காசு அந்த ஊரிலேயே தங்கும்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். கிளை முறியும் என்பது ஒன்று. அண்மையில் மருந்தடித்த மலையாக இருந்தால் பிள்ளையின் கையிலும் வாயிலும் அது ஒட்டும் என்பது அதைவிடப் பெரியது. வழியில் மாரியம்மன் கோயிலோ மரத்தடி முனியாண்டியோ இருந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.

நடக்கும்போது பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

உச்சியில் சிலையாக உட்கார்ந்திருப்பவர் தோமஸ் லிப்டன். 1848இல் கிளாஸ்கோவில் பிறந்து மளிகைக்கடைகளால் பணக்காரரானவர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார், தம்பேதென்ன ஸ்டோரும் அந்த ஆண்டுக் கட்டடம் என்றுதான் சொல்வார்கள். அவர் இங்கே வந்து உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம், அதனால் இந்தப் பேர். அவருக்கு முன்பு இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டுப் பார்த்திருந்தார். அந்தப் பயிர்தான் பிறகு மலையெங்கும் பரவியது.

இதோடு கதையை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இருக்கையிலிருந்து பார்க்கும் தேயிலை ஒவ்வொன்றையும் நட்டவர்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள். ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பலர் வழியிலேயே பசியிலும் நோயிலும் இறந்தார்கள். 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர்கள் ஆக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த முதல் நடையை நினைத்து 2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்து மக்கள் மறுபடி நடந்தார்கள். கால் வலிக்கிறது என்று பிள்ளை உட்காரும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்திலேயே அப்படி வந்த பூட்டன், பூட்டியின் பெயர் தெரிந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

சிறியவர்களுக்குப் பார்க்கவும் நிறைய உண்டு: இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி ஒடிக்கிறார்கள், கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்துவிட்ட) மலை ஏன் மொட்டையாக நிற்கிறது, கொழுந்தை எங்கே நிறுக்கிறார்கள்.

ஸ்டோருக்குள் பார்க்க விடுவார்களா?

கட்டணத்துக்குச் சுற்றிக் காட்டுவார்கள். கொழுந்தை வாட்டி, அரைத்து, நிறம் மாற விட்டு, சூடாக்கிக் காயவைத்து, சலித்துப் பிரிப்பதை வரிசையாகப் பார்க்கலாம். ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் வேலை ஓடாமல் இருக்கலாம் என்பதால் ஸ்டோரைப் பார்ப்பதே முக்கியம் என்றால் வேலை நாளில் வாருங்கள். நடந்து இறங்கிய பிறகு இதை வைத்துக்கொண்டால் பிள்ளைகள் நிழலில் கொஞ்சம் ஆறியது போலவும் இருக்கும்.

உச்சியில் விளிம்பு ஆபத்தானதா?

பார்க்கும் இடத்தில் தடுப்பு இருக்கிறது. தடுப்பைத் தாண்டிப் போனால்தான் ஆபத்து, செல்ஃபிக்காக அப்படித்தான் போகிறார்கள். பெரியவர்கள் தாண்டினால் பிள்ளைகளும் தாண்டும். காற்று பலமான நாளில் 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் கை.

இதற்குப் பதில் ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவுக்குப் போனால் என்ன?

அதுவும் அருமையான இடம், சுமார் 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம். ஆனால் அது தேசியப் பூங்கா. சுமார் 9 கி.மீ. சுற்றுப் பாதையை முழுவதும் நடந்தே முடிக்க வேண்டும், நடுவில் களைத்தவரை ஏற்றிவர ஆட்டோ கிடையாது. 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் இருந்தால் அங்கே போங்கள். மழலையும் முதியவரும் இருந்தால் என் தேர்வு லிப்டன் சீட்தான்.

அவசரம் என்றால் யாரை அழைப்பது?

அம்புலன்ஸுக்கு 1990 (சுவசெரிய, கட்டணம் இல்லை), பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அப்புத்தளையில் ஆஸ்பத்திரி உண்டு, பெரிய சிகிச்சைக்கு தியத்தலாவை ஆதார வைத்தியசாலை. மலை வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். பக்கத்து லயத்தில் போய்ச் சொன்னால் ஆட்கள் ஓடிவருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விடிந்ததும் ஒரே பனி, மழைத் தூறல். நாள் வீணாகிவிடுமா?

பனிக்குள் நடப்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தூறல்தான், எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால் ஸ்டோரிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஏறிவிட்டுத் திரும்பலாம். அடைமழை என்றால் தம்பேதென்ன பக்கமே போகாமல், அப்புத்தளை நகரத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் உள்ள அடிஷம் பங்களாவுக்குப் போங்கள். 1931இல் கட்டிய கல்வீடு, இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில் திறந்திருக்கும். பக்கத்திலேயே தங்கமலைக் காடு இருக்கிறது, மழை விட்டால் அதன் ஓரமாகக் கொஞ்சம் நடக்கலாம். மடத்தில் செய்யும் ஜாமும் பழப்பாணியும் அங்கேயே விற்கிறார்கள்.